முத்தாலம்மாளுக்காகப் போராடியவர்கள்

மேடவாக்கத்தில் எங்கள் குடியிருப்புக்கு இரண்டு கேட். முன் கேட் கார்களுக்கும் பைக்குகளுக்கும். கிழக்கு கேட் தண்ணீர் லாரிக்கும் குப்பை வண்டிக்கும். அந்தக் கிழக்கு கேட்டை ஒட்டிய நடைபாதையில் ஒன்பது வருஷம் மீன் விற்றாள் முத்தாலம்மாள். அன்னக்கூடை இரண்டு, அருவாமனை ஒன்று, உட்கார ஒரு பலகை, தலைக்கு மேலே ஒரு புங்கமரம். கடை என்றால் அவ்வளவுதான். அந்த இடத்தை அவளுக்கு மீட்டுத் தருகிறோம் என்று இரண்டு கூட்டத்தார் வந்து கோஷம் போட்டார்கள். கோஷம் ஓய்ந்தபோது அவளுக்கு இடம் இல்லை. யார் யார் என்ன செய்தோம் என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ‘செய்தோம்’ என்று என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என் பெயர் சாராள். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் முப்பத்தொரு வருஷம் கணக்கு டீச்சர். கோபக்காரி என்று பெயர் வாங்கினவள், அது பொய்யில்லை. என் கணவர் எலியேசர் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். அவருக்குக் கோபமே வராது. அதனால்தான் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் பதவியை அவர் தலையில் கட்டினார்கள். இருநூற்று நாற்பது வீட்டின் தண்ணீர்ச் சண்டை, பார்க்கிங் சண்டை, நாய்ச் சண்டை எல்லாவற்றுக்கும் அவர்தான் நடுவர்.

முத்தாலம்மாளின் ஊர் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் ஒரு குப்பம். விடியும்போது கரையில் மீனை ஏலம் எடுப்பாள். ஷேர் ஆட்டோவில் சோழிங்கநல்லூர் வந்து, அங்கே இன்னொரு ஆட்டோ மாறி, ஏழேகாலுக்கு எங்கள் கேட்டில் இருப்பாள். மீன்கூடையைக் கண்டால் பாதி ஆட்டோக்காரர்கள் நிறுத்தாமல் போவார்கள். அவர்களைத் திட்டிக்கொண்டேதான் கூடையை இறக்கி வைப்பாள். திட்டி முடித்தால் வியாபாரம். முதல் போணி எலியேசர் சார் கையால்தான் ஆக வேண்டும். அவர் வர ஐந்து நிமிஷம் தாமதமானால் வாட்ச்மேனை மாடிக்கு அனுப்புவாள்.

பிடித்தவர்களுக்கு ஒரு மீன், பிடிக்காதவர்களுக்கு ஒரு மீன். இதில் ஒளிவுமறைவே கிடையாது. நான் போய் நின்றால், “இன்னா டீச்சரம்மா, வஞ்சரம் பாக்குறீங்களா? பேருதான் பெருசு. நேத்து ஐசு அது. கெயங்கா மீனு எட்த்துக்கோங்க, இப்பதான் கர ஏறுச்சு” என்பாள். பக்கத்தில் நிற்கும் அம்மாள் அந்த வஞ்சிரத்தைத்தான் வாங்கிக்கொண்டிருப்பாள். அந்த அம்மாளின் முகம் போகும் போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும், கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கும்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் பூவராகன் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனவர். படகு தள்ளும்போது முதுகெலும்பில் அடிபட்டு, எட்டு வருஷம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார். அதற்கு முன்பே அவளுடைய அக்கா பட்டு மஞ்சள் காமாலையில் இறந்து, நாலு வயசுப் பெண்குழந்தை ஒன்று இவள் கைக்கு வந்திருந்தது. அதன் அப்பன் வேறு கல்யாணம் செய்துகொண்டு திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் குழந்தைதான் சரிதா. முத்தாலம்மாள் அவளைப் பாப்பா என்றே கூப்பிடுவாள். தன்னிடம் இருந்தால் மீன்வாடை ஒட்டிக்கொள்ளும் என்று தாம்பரத்தில் ஒரு ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்க வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகும்போது இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, அதற்கென்றே தனியாக வைத்திருந்த புடவையைக் கட்டிக்கொண்டு போவாளாம்.

சரிதா என்ஜினியரிங் முடித்தாள். ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. கூட வேலை பார்த்த பையனையே கல்யாணம் செய்துகொண்டாள். அவன் திருவண்ணாமலைப் பக்கம், சுத்த சைவக் குடும்பம். அவன் அம்மா அபிதகுஜாம்பாள் வாசலில் முட்டை வண்டி நின்றால்கூட ஜன்னலைச் சாத்துகிறவர்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், முத்தாலம்மாளே சொன்னாள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அவள் கேட்டுக்கு முதுகைக் காட்டி ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் அப்படியே. வாடிக்கைக்காரர்கள் எல்லாம் உள்ளேயிருந்து வரும்போது எந்த வியாபாரியாவது ரோட்டைப் பார்த்து உட்காருவாளா? கழுத்து வலியா என்று கேட்டேன். சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“பி பிளாக்கு மூணாவது மாடிக்குப் புதுசா வந்திருக்குதே ஒரு பொண்ணு, அது எங்க பட்டு அக்கா பொண்ணு டீச்சரம்மா. நான் வளத்த பொண்ணு. துணி காயப்போட்டுகினு இருந்துச்சு. என்னப் பாத்துச்சு. உள்ள பூட்ச்சு.”

“ஏன், பேசமாட்டாளா உன்கிட்ட?”

“நானேதான் பேசாதேன்னேன். கல்யாணம் பேசும்போதே சொல்லிக் குட்த்தேன், சித்தி செத்துட்டான்னு சொல்லிடு பாப்பானு. உசுரோட கீறான்னு சொன்னா இன்னா வேல, எங்க குடியிருக்கான்னு கேப்பாங்கோ. செத்துட்டா கேள்வி இல்ல பாருங்க.” இதைச் சொல்லும்போது சாமர்த்தியமான காரியம் செய்தவளைப்போல் சிரித்தாள். கல்யாணத்தன்று மண்டபத்துக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்று, மாலையோடு காரில் ஏறியதைப் பார்த்துவிட்டு வந்தாளாம். “நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது. ஒங்க சாமி மேல சத்தியம் பண்ணுங்க. அதுதான் பொய் சொன்னா வுடாதாமே.”

சத்தியம் செய்தேன்.

அவளிடம் எங்கள் வீட்டு ரகசியமும் ஒன்று இருந்தது. ஒரு நாள் ஏதோ ஒரு பெண் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு அவளைக் கடந்து போனபோது, என் கணவர் பக்கத்தில் நின்றிருக்கிறார். அவருக்கு என்ன தோன்றியதோ, “எங்கப்பா பம்மல்ல தோல் கம்பெனியில தோல் சீவுற வேலை செஞ்சவரும்மா. பொழிச்சலூர்ல எங்க வீடு. அவர் வந்தா தெருவே மூக்கைப் பொத்தும். அம்மா வாசல்லயே நிக்க வெச்சுத் தண்ணி ஊத்துவாங்க” என்று சொல்லியிருக்கிறார். இந்தக் குடியிருப்பில் வேறு யாருக்கும் இது தெரியாது. எங்கள் மகள் ஹெப்சிக்கே பாதிதான் தெரியும். அன்றிலிருந்து அவருக்கு எடுத்து வைக்கும் மீனில் முத்தாலம்மாள் ஒன்று கூடுதலாகப் போடுவாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆடி மாதம் அபிதகுஜாம்பாள் மகன் வீட்டில் தங்க வந்தார். வந்த மூன்றாம் நாள் சங்கத்துக்குப் புகார் வந்தது. கிழக்கு கேட்டில் மீன்வாடை, ஈ, குழந்தைகளுக்கு நோய் வரும், உடனே அகற்ற வேண்டும் என்று பதினோரு வீட்டார் கையெழுத்து. எழுதிக் கையெழுத்து வாங்கியவள் சரிதா. அந்தப் பெண்ணைக் கொடுமைக்காரி என்று நான் சொல்லமாட்டேன். குப்பத்துப் பெண்கள் யாராவது முத்தாலம்மாளைப் பார்க்க அங்கே வந்து, மேலே பார்த்து, “அடியே பாப்பா!” என்று ஒரு குரல் கொடுத்தால் அவள் குடும்பம் என்ன ஆகும் என்ற பயம். பயந்தவள் செய்கிற காரியத்தைச் செய்தாள். கீழே நடைபாதையில் இருந்த ஒருத்தியின் பிழைப்பு அவள் பயத்தைவிடச் சின்னதாகத் தெரிந்துவிட்டது.

சங்க விதிப்படி புகார் கொடுத்தவர் பெயரை வெளியே சொல்லக் கூடாது. என் கணவர் விதியை மீறாதவர். அவர் முத்தாலம்மாளிடம் போய், “ஐம்பதடி தள்ளி டிரான்ஸ்பார்மர் பக்கம் உட்காரும்மா, நான் பார்த்துக்கறேன்” என்றார். அவளும் சரி என்றாள். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் முப்பது வருஷம் பள்ளி நோட்டீஸ் போர்டில் எழுதிய கை சும்மா இருக்குமா? வெள்ளைத் தாளில், அச்சுப் போன்ற கையெழுத்தில், ‘மீன்வாடை குறித்துப் புகார் வந்திருப்பதால் திங்கட்கிழமை முதல் கிழக்கு வாயிலருகே மீன் விற்க அனுமதி இல்லை’ என்று எழுதி, சிவப்பு மையால் அடிக்கோடு போட்டு, கீழே எம்.ஏ., எம்.எட். வரைக்கும் சேர்த்துக் கையெழுத்திட்டு ஒட்டிவிட்டார். டிரான்ஸ்பார்மர் இடத்தைப் பற்றி எழுதவில்லை. நடைபாதை சங்கத்துக்குச் சொந்தமில்லாதபோது எழுத்தில் எப்படி அனுமதி தருவது என்று ஒரு நியாயம். விரட்டியது மட்டும் எழுத்தில் நின்றது.

யாரோ அதைப் படம் எடுத்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் படம் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. குப்பத்தில் மோகன்ராஜ் என்று ஒருவர். கடலோர மக்கள் உரிமைப் பேரவையின் தலைவர். மூன்று விசைப்படகு, ஒரு ஐஸ் கம்பெனி, இறால் உரிக்கும் கொட்டகை எல்லாம் அவருடையவை. அடுத்த தேர்தலில் ஒரு சீட்டுக்காகக் காத்திருந்தார். முத்தாலம்மாள் வருஷக்கணக்காக அவருடைய படகு மீனைத்தான் ஏலம் எடுத்தாள். ஒரு நாள்கூட அவளுக்கு ஒரு கை கூடுதலாக அள்ளிப் போட்டதில்லை அவர். இப்போது அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“இன்னாக்கா, நம்ம சாதிய ஒருத்தன் நோட்டீஸ் ஒட்டி அசிங்கப்படுத்துவான், நாம கைகட்டிப் பாத்துகினு இருக்கணுமா?”

“சார் நல்லவருப்பா. தள்ளி ஒக்காரச் சொன்னாரு. நா சரின்னுட்டேன்.”

“நீ சரின்னா ஆச்சா? ஊரு சரின்னுச்சா?”

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாள் ஒருவரைத் தாழ்த்தினால் ஊரே கிளம்பும். ஊர் கிளம்பிய பிறகு, யாருக்காகக் கிளம்பியதோ அவர் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சொன்னால் ஊரை அவமதித்ததாக அர்த்தம். தள்ளி வைத்துவிடுவார்கள். பிறகு கரையில் அவள் கூடைக்கு ஒரு நெத்திலி விழாது. முத்தாலம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை கிழக்கு கேட்டில் இருநூறு பேர். ‘எங்கள் குலப் பெண்ணை விரட்டியவனைக் கைது செய்’ என்று பேனர். அவளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நடுவே உட்கார வைத்திருந்தார்கள். கூடை இல்லாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தாள். அடுத்த நாள் வேறொரு கூட்டம் வேறு கொடிகளோடு வந்தது. கிறிஸ்தவச் செயலாளர் இந்துப் பெண்ணை விரட்டுகிறார் என்று அவர்கள் கோஷம். அதற்கடுத்த நாள் எங்கள் சபையின் கமிட்டியிலிருந்து வில்பிரட் அண்ணன் வீட்டுக்கு வந்தார். “இது நம்ம மேல நடக்கிற தாக்குதல் பிரதர். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இருநூறு பேரோட வந்து நிக்கிறோம்” என்றார்.

“நான் கிறிஸ்தவனா இருக்கிறதுனாலயா அண்ணா நோட்டீஸ் ஒட்டினேன்?” என்று கேட்டார் என் கணவர்.  வில்பிரட் அண்ணன் வீட்டுக்குப் போய் ஓர் அறிக்கை விட்டார்.

நான் கணக்கு டீச்சர். எதைக் கூட்டினார்கள், எதை விட்டார்கள் என்று பார்ப்பது என் வழக்கம். சாதி வந்தது, மதம் வந்தது, சபை வந்தது. உள்ளே வீடு வாங்கியவள் சொன்னால் வெளியே தரையில் உட்கார்ந்திருப்பவள் எழுந்திருக்க வேண்டும் என்ற ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஒருவரும் பேசவில்லை. மூன்று கூட்டத்தின் தலைவர்களும் காரில் வந்தார்கள். மூன்று காரும் புங்கமர நிழலில்தான் நின்றன, அவள் பலகை போடும் இடத்தில்.

ஐந்தாம் நாள் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு மனு கொடுத்தார்கள். எலியேசர் என்பவர் முத்தாலம்மாளைச் சாதியைச் சொல்லித் திட்டினார், நாற்றம் பிடித்தவளே என்றார் என்று அதில் இருந்தது. கீழே அவள் கையெழுத்து.  அதைக் கேட்டதும் என் கணவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். அவர் அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“எங்கப்பாவைப் பத்தி எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன் சாரா. அப்படிப்பட்டவரோட பிள்ளை ஒரு பொம்பளையை நாத்தம்னு சொல்லுவானான்னு கேக்கறேன்” என்றார்.

நான் தடுத்தேன். ஆமாம், நான்தான். ஹெப்சிக்கு அப்போது தாம்பரத்தில் ஒரு டாக்டர் குடும்பத்தில் வரன் பேசிக்கொண்டிருந்தோம். பையனின் தாத்தா காலத்திலேயே எல்லாரும் பட்டதாரிகள். ‘மாமனார் லெதர் பிசினஸில் இருந்தார்’ என்று அவர்களிடம் நான் சொல்லி வைத்திருந்தேன். “இப்ப வேண்டாங்க. நிச்சயம் முடியட்டும்” என்றேன்.  அவர் சரி என்றார்.

அவர் வாயை அடைத்துவிட்டு, முத்தாலம்மாள் வாயைத் திறக்க நான் குப்பத்துக்குப் போனேன். என் துணிச்சலைப் பாருங்கள். மத்தியான வெயிலில் அவள் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவளை அந்த நேரத்தில் சும்மா நான் பார்த்ததே இல்லை.

“புகார் கொடுத்தது யாருன்னு தெரியுமா உனக்கு?” என்றேன்.

“தெரியும் டீச்சரம்மா. மாமியாக்காரம்மா பெட்டியோட வந்து எறங்குனப்பவே தெரியும்.”

“அப்போ அதைச் சொல்லு. உன் அக்கா பொண்ணு, உன் சொந்த சாதிப் பொண்ணு எழுதினது அது. இதைச் சொன்னா சாதிப் பேச்சே எடுபடாது. மோகன்ராஜ் கூடாரத்தைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவார். சார் தப்பிச்சிடுவார், நீயும் உன் இடத்துல உக்காரலாம்.”

“பாப்பா வூட்ட வுட்டு வெளில நிக்கும்.”

“சார் ஸ்டேஷன்ல நிக்கிறாரு!”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மெல்லக் கேட்டாள். “சார் சொல்லலாம்ல, அவுங்கப்பா இன்னா வேல செஞ்சாருன்னு? அத்தச் சொன்னா எங்க ஊர் ஆளுங்களே அவர் மேல கைய வெக்கமாட்டாங்கோ. நம்மள மாரி ஒருத்தருன்னு போய்டுவாங்கோ. ஏன் சொல்லல?”

 ஹெப்சியின் கல்யாணம் என்றேன்.

“அதான் டீச்சரம்மா. நீங்க ஒங்க பொண்ணுக்காவ வாய மூடிகினு கீறீங்க. நா எம்பொண்ணுக்காவ. எத்தினி நாளிக்கி இப்டி மூடிகினு இருக்கணுமோ.” சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மன்னித்துவிட்டதுபோல் பிரிந்தோம். உண்மையில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நல்ல மனுஷனைக் கைவிட்டோம்.

ஸ்டேஷனில் சமாதானம் பேசினார்கள். சொல்லாத வார்த்தைக்கு என் கணவர் எழுதி மன்னிப்புக் கேட்டார், செயலாளர் பதவியை விட்டார். அவர் மன்னிப்பு வாசித்ததைப் படம் பிடித்து ஊர் முழுக்க அனுப்பினார்கள். அவரிடம் படித்த பிள்ளைகள்கூடப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர் கிழக்கு கேட் பக்கம் போனதில்லை. ஹெப்சியின் கல்யாணம் குறித்த நாளில் நன்றாக நடந்தது. சம்பந்தி வீட்டார் இன்றைக்கும் லெதர் பிசினஸ் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சமாதானத்தின் இன்னொரு பகுதி, குடியிருப்பின் கீழ்த்தளத்துக் கடை ஒன்றை மீன் அங்காடிக்கு விடுவது. நடைபாதையில் இனி யாரும் விற்கக் கூடாது, அதுதான் கடை வந்துவிட்டதே என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டார்கள். நடைபாதைக்குக் கம்பிவேலியும் போட்டார்கள். கடைக்கு முதலாளி மோகன்ராஜ். கண்ணாடிக் கதவு, ஏ.சி., விலை ஒட்டிய பிளாஸ்டிக் தட்டுகள். பெயர்ப்பலகையில் முத்தாலம்மாளின் சிரித்த முகம், கீழே ‘எங்கள் உரிமை, எங்கள் உழைப்பு’. திறப்பு விழாவில் அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள். மறுநாளிலிருந்து அவளுக்குப் பின்கட்டில் மீன் வெட்டும் வேலை, தினக்கூலி. தலையில் வலைத்தொப்பி, கையில் ரப்பர் உறை. வாடிக்கைக்காரர்கள் இருக்கும் பக்கம் வரக் கூடாது. எந்த மீன் நேற்றையது, எது இன்றையது என்று அவளிடம் கேட்க முடியாது. அவளும் சொல்ல முடியாது. அபிதகுஜாம்பாள், சென்னைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாற்பதாவது நாளே ஊருக்குத் திரும்பிவிட்டார்.

அப்படி ஒன்றரை வருஷம் ஓடியது. போன தை மாதம் ஒரு சனிக்கிழமை காலை நான் அந்தக் கடையில் நின்றிருந்தேன். சரிதாவும் அவள் புருஷனும் வந்தார்கள். அம்மா ஊருக்குப் போன பிறகு அவனும் மீன் சாப்பிடப் பழகியிருந்தான்போல. அவளுக்கு ஏழு மாசம் இருக்கும். பெரிய சங்கரா ஒன்றைக் காட்டி எடை போடச் சொன்னாள். மீன் பின்கட்டுக்குப் போனது. உடனே அந்தத் தடுப்புக் கதவு திறந்து முத்தாலம்மாள் வெளியே வந்தாள். கையில் மீன், உறையெல்லாம் ரத்தம்.

“இது வேணாம் பாப்பா. ஆறு நாள் ஐசு. வவுத்துப் புள்ளைக்கு ஆவாது” என்றாள்.

கடை மேனேஜர் ஓடிவந்தான். சரிதாவின் புருஷன் அவளையும் முத்தாலம்மாளையும் மாறி மாறிப் பார்த்தான். “உனக்குத் தெரிஞ்சவங்களா?” என்று கேட்டான். சரிதாவின் உதடு அசைந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவள் ஏதோ சொல்லத்தான் போனாள். அதற்குள் முத்தாலம்மாள் முந்திக்கொண்டாள்.

“இல்ல சார். நா யாரோ எவரோ. மாசமா கீறவங்க யாரு வந்தாலும் இப்டித்தான் சொல்லுவேன்.”

அங்கேயே, அப்போதே அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். தொப்பியைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு, தன் படம் போட்ட பலகைக்குக் கீழே இறங்கிப் போனாள். நான் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் எங்கள் வீட்டுக் காலிங்பெல் அடித்தது. சரிதா தனியாக நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது. மூச்சு வாங்கியது. லிப்ட் இருந்தும் படியேறி வந்திருப்பாள்போல, யாரும் பார்க்கக் கூடாதென்று.

“ஆன்ட்டி, உங்களுக்கு அவங்களை நல்லாத் தெரியும்ல? இப்ப எங்க இருக்காங்க?”

“யாரு?” என்றேன். எனக்குத் தெரியாதா? குப்பத்துக்குத் தானே போனால் ஊர் அடையாளம் கண்டுவிடும் என்றுதான் என்னிடம் வந்திருக்கிறாள். ஆனால் அவள் வாயால் வர வேண்டும் என்று ஒரு வெறி. ஒரே ஒரு தடவை சித்தி என்று சொல்லட்டும், என் கையாலேயே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். 

“அந்த... மீன்கார அம்மா” என்றாள்.

“எனக்குத் தெரியாதும்மா” என்று கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகும் அவள் கொஞ்ச நேரம் வெளியே நின்றிருந்தது கதவுக்குக் கீழே நிழலாகத் தெரிந்தது. நான் திறக்கவில்லை. நெஞ்சு நிறைந்ததுபோல் இருந்தது எனக்கு, முத்தாலம்மாள் சார்பில் ஒரு பழி தீர்த்துவிட்ட மாதிரி.

மூன்று வாரம் கழித்துக் குப்பத்துக்குப் போனேன். முத்தாலம்மாள் மோகன்ராஜின் கொட்டகையில் கிலோ கணக்கில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கரை ஏலத்தில் கூடை எடுத்தாலும் கொண்டுபோய் விற்க ஓர் இடம் வேண்டுமே. ராஜகீழ்ப்பாக்கம் வரைக்கும் போய்ப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு முனையிலும் ஒருத்தி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறாள். ஐஸில் கிடந்த இறாலால் விரலெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, சரிதா வந்ததையும் நான் கதவைச் சாத்தியதையும் பெருமையாகவே சொன்னேன்.

அவள் கையிலிருந்த இறால் கீழே விழுந்தது.

“தேடினு வந்துச்சா? பாப்பா என்னத் தேடினு வந்துச்சா?”

“மீன்கார அம்மான்னுதான் சொன்னா. அதனாலதான்...”

“இன்னான்னு சொன்னா உனக்கு இன்னாடீ?” கொட்டகையில் இருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என்னை அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. “நீ யாரு அத்தக் கேக்க? என்ன அது இன்னான்னா கூப்டுட்டுப் போவுது. வவுத்துல புள்ளைய வெச்சிகினு படி ஏறி வந்துச்சே. இருபத்தஞ்சு வருசத்துல அதுவா என்னத் தேடி வந்தது இந்த ஒரு தபாதான். அத்தப் போயி வெரட்டி வுட்டியே!”

 நோட்டீஸ் ஒட்டியவர்கூட அவளுக்கு இவ்வளவு கெடுதல் செய்யவில்லை என்று புரிந்தது. வீட்டுக்கு வந்ததும் பி பிளாக்குக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. அவளுக்குப் பிரசவம் பார்க்க அம்மா வீடு இல்லாததால் மாமியார் திருவண்ணாமலைக்கு அழைத்துப் போயிருந்தார். சங்கத்தில் நம்பர் வாங்கிப் போன் செய்தேன். அவள்தான் எடுத்தாள். முத்தாலம்மாள் குப்பத்தில் இறால் கொட்டகையில் இருக்கிறாள் என்று சொன்னேன்.  அந்தப் பக்கம் பின்னாலிருந்து, “யாரும்மா போன்ல?” என்று மாமியாரின் குரல் கேட்டது.

“அபார்ட்மென்ட்லேருந்து அத்தை, மெயின்டனன்ஸ் விஷயமா” என்றாள் சரிதா. என்னிடம், “பரவால்ல ஆன்ட்டி. சும்மா தேங்க்ஸ் சொல்லலாம்னுதான். இப்ப வேணாம்” என்று வைத்துவிட்டாள். பெண் குழந்தை பிறந்ததாகக் கேள்விப்பட்டேன். புருஷனுக்குப் பெங்களூருக்கு மாற்றல். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டார்கள்.

வீட்டை வாடகைக்கு விட்டதையும் குழந்தை பிறந்ததையும் முத்தாலம்மாளிடம் போய்ச் சொன்னேன். போன் செய்ததைச் சொல்லவில்லை. இறாலை உரித்துக்கொண்டே கேட்டாள், முகம் மலர்ந்தது. யார் ஜாடை என்று கேட்டாள். தெரியாது என்றேன். நான் எழுந்தபோது அவளும் என்கூடக் கொட்டகை வாசல்வரை வந்தாள். அவள் குரலில் இப்போது கோபம் இல்லை, பழைய மரியாதை வந்திருந்தது.

“டீச்சரம்மா, வாடக வாங்க, வூட்டப் பாக்கன்னு பாப்பா எப்பனாச்சும் வரும்ல? வந்து கேட்டா, இந்தத் தபா சொல்லிடுங்க, இன்னா?”

சொல்கிறேன் என்றேன்.